மேளம் வெளியே வந்த அன்று

ஹம்பேர்க்கில் ஓர் அருங்காட்சியகக் கிடங்கு. நூறு வருடத்துக்கு மேலாக அங்கே ஒரு மரமேளம் பேசாமல் கிடந்தது. கமரூனில் ஆற்றுக்கு அக்கரை வரை எச்சரிக்கை சொன்ன மேளம். சொன்ன குற்றத்துக்குத்தான் ஜெர்மன் படை அதைத் தூக்கி வந்தது. அதன் மொழி தெரிந்த கமரூன் ஆராய்ச்சியாளர் மார்செலினின் விசா நாளையோடு முடிகிறது. மேளத்தை ஒரு தடவையாவது அவள் தொட வேண்டுமே என்று உதவி ஆய்வாளர் நிருஷா அவளைக் கிடங்குக்கே கூட்டிவந்திருந்தாள்.

அதன் குரலை ஆராயப் பெரிய குழுவே இருந்தது: இசை, வரலாறு, பௌதிகம், சட்டம். எல்லாவற்றையும் அளந்தார்கள், அடித்து மட்டும் பார்க்கவில்லை. போன மாதம் பௌதிகப் பேராசிரியர் மேளத்தின் மௌனத்தைப் பதிவுசெய்து, மிகத் தரமான மௌனம் என்று பூரித்துப்போனார்.

"ஒரேயொருக்கா அடிக்கட்டுமே," என்று கேட்டாள் நிருஷா.

"ஏலாது," என்றார் கிடங்குப் பொறுப்பாளர் ஹார்ட்மன். "அவவின்ர கையில வேர்வை இருக்கும். மேளத்துக்குக் கூடாது."

"இதைக் குடைஞ்ச என்ர பூட்டனுக்கு வேர்க்கேல்லையாமோ?" என்றாள் மார்செலின்.

நிருஷாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தீப்பாதுகாப்புப் பயிற்சியில் அவள் தூங்காமல் கேட்ட ஒரே விதி: ஆபத்தென்றால் பொருளுக்குப் பக்கத்தில் நிற்பவர் அதைத் தூக்கிக்கொண்டு வெளியேற வேண்டும். வேலை போனால் போகட்டும் என்று சுவரிலிருந்த சிவப்புப் பொத்தானை அமுக்கினாள்.

மணி அலறியது. இருவரும் ஆளுக்கொரு பக்கம் மேளத்தைத் தூக்கிக்கொண்டு வாகனத் தரிப்பிடத்துக்கு ஓடினார்கள். பேராசிரியர்கள் அங்கே வரிசையாக நின்றார்கள்; தீயணைப்புப் படை வரும்வரை அசையக்கூடாது. மார்செலின் அடித்தாள். நிருஷா தேம்பித் தேம்பி அழுதாள்.

"என்ன சொல்லுது?" என்று பௌதிகப் பேராசிரியர் ஆவலோடு கேட்டார்.

"வெள்ளைக்காரர் வருகினம், ஓடுங்கோ எண்டு."

அவர் குறித்துக்கொண்டார்.

தீயில்லை என்று தெரிந்ததும், "உள்ளுக்குக் கொண்டுவாங்கோ," என்ற ஹார்ட்மன் சட்டென நின்றார். முகம் வெளிறியது. விதிப்படி, வெளியே போன பொருள் திரும்ப உள்ளே வர, அது யாருடையது, எப்படி இங்கே வந்தது என்பதற்குச் சான்று வேண்டும். அப்படியொரு சான்று அருங்காட்சியகத்திடம் ஒருநாளும் இருந்ததில்லை. சட்டப் பேராசிரியர் சோகமாகத் தலையாட்டினார்.

யார், எப்படி வந்தாய், சான்று எங்கே என்ற இதே கேள்வியோடுதான் இலங்கையிலிருந்து வந்த நிருஷாவின் அப்பா வருடக்கணக்காக அகதி முகாம் வாசலில் நின்றார். முதல் தடவையாக அவளுக்கு ஜெர்மன் விதி ஒன்றின் மேல் பாசம் வந்தது.

"அப்ப மேளம் எங்க போறது?" என்று கேட்டாள் நிருஷா.

"தெரியாது. ஆனா இஞ்ச நிறுத்தவும் ஏலாது. இது வாகனத்துக்கான இடம்," என்றார் ஹார்ட்மன்.

மார்செலின் டாக்ஸிக்குக் கை காட்டினாள். மேளத்தின் மறுபக்கத்தை ஹார்ட்மனே தூக்கிக் கொடுத்தார். அவசரத்தில் கையுறை போட மறந்துவிட்டார்.