கொக்கியில் மாட்டாத கார்டு

என் மருமகன் மாயவனின் இடது கால் போனதற்கு யார் காரணம் என்று கேட்டால், நான்தான். சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது.

பட்டணத்தில் மெட்ரோ ரயில்கள் வந்து நிற்கிற டெப்போவில் இரண்டு பேரும் துப்புரவு வேலை பார்த்தோம். மலைமேல் இருக்கும் கரியாலூரிலிருந்து கான்ட்ராக்டில் போனவர்கள். தினம் லட்சம் பேர் அந்த ரயிலில் ஏறி இறங்குகிறார்கள். அது எங்கே போய்க் குளிக்கிறது, யார் அதன் அடிவயிற்றைத் துடைக்கிறார்கள் என்று ஒருவனுக்கும் தெரியாது. ஏசி வந்தால் போதும் அவர்களுக்கு. ஒரு நாள் டெப்போ கதவைச் சாத்திவிட்டால் பாதிப் பட்டணம் நடந்துதான் ஆபீஸ் போக வேண்டும்.

நான் பெட்டிக்குள் சீட்டு துடைப்பவன். மாயவனுக்குக் குழி வேலை. தண்டவாளத்துக்கு நடுவே ஆள் உயரத்துக்குக் குழி இருக்கும். ரயில் மேலே வந்து நிற்கும். இவன் கீழே நின்று சக்கரத்தில் ஒட்டிய அழுக்கை எடுப்பான். படிக்குப் பக்கத்தில் கொக்கி அடித்த பலகை ஒன்று. இறங்குகிறவன் படம் போட்ட தன் கார்டை அதில் மாட்டிவிட்டு இறங்க வேண்டும், ஏறி வந்ததும் எடுத்துக்கொள்ள வேண்டும். ஒரு கார்டு தொங்கினாலும் ரயிலை நகர்த்த மாட்டார்கள்.

நல்ல சட்டம்தான். இப்போது சொல்கிறேன். அன்று நான் சொன்னது வேறு.

"இன்னா மாப்ள, கார்ட அங்க தொங்கவுட்டுட்டு எறங்கற? எவனாவது எடுத்து வச்சிக்கினா இன்னா பண்ணுவ?"

"எல்லாரும் மாட்றாங்க மாமா. மாட்டலன்னா சூப்பர்வைசர் திட்றாரு."

"எல்லாரும் மலையில பொறந்தவனா? இடுப்புல சொருவிக்கினு அந்தாண்ட படியில எறங்கு. எவன் பாக்கறான்?"

எனக்குக் காரணம் இருந்தது. பதினைந்து வருஷத்துக்கு முன் ஒரு புரோக்கர் எங்கள் ஊருக்கு வந்தான். கல்குவாரியில் வேலை, பேர் பதியணும் என்று பதினோரு பேரின் ரேஷன் கார்டை வாங்கிக்கொண்டான். சாயங்காலம் தருகிறேன் என்றான். அந்தச் சாயங்காலம் வர எட்டு மாதம் ஆனது. ஓடினால் கார்டைக் கிழித்துவிடுவேன், ஊரில் உங்கள் பேரே இருக்காது என்றான். நம்பிக் குவாரியிலேயே கிடந்தோம். என் பெண்டாட்டி குஞ்சம்மாளை அடக்கம் பண்ணக்கூட நான் வரவில்லை. அதற்குப் பிறகு எங்கள் ஆட்கள் யாரும் கார்டை இன்னொருவன் கையில் விடுவதில்லை. ஜெராக்ஸ் எடுக்கக் கொடுத்தாலும் மெஷினை ஒட்டியே நிற்போம்.

மாயவன் நான் சொன்னபடி செய்தான். மூன்று வாரம் ஒன்றும் ஆகவில்லை. நாலாவது வாரம், ஆபீஸ் கூட்டத்தை இறக்கிவிட்டு ரயில்கள் திரும்பி வந்திருந்தன. பகல் பதினோரு மணி. சூப்பர்வைசர் அரங்கநாதன் பலகையைப் பார்த்தார். காலி. ரயிலை எடுக்கச் சொல்லிக் கை காட்டினார். தண்டவாளத்தில் ஒரு காலை ஊன்றி மேலே எட்டிக்கொண்டிருந்தான் மாயவன். ரயில் நாலடிதான் நகர்ந்தது.

அந்த ரயிலுக்குள்ளேதான் நான் இருந்தேன். பெட்டி லேசாகக் குலுங்கியது. கம்பியைப் பிடித்துக்கொண்டு அடுத்த சீட்டைத் துடைக்கப் போனேன்.

முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அடுத்த மாதம் விசாரணை. தப்பு மாயவனுடையது என்றால் அவனை அனுப்பிவிடுவார்கள். வேறு ஒருவன் சொல்லிக்கொடுத்துச் செய்தான் என்று தெரிந்தால், கேட்டில் உட்கார்ந்து வண்டி நம்பர் எழுதுகிற வேலையாவது கிடைக்கும். அரங்கநாதனே என்னிடம் இதைச் சொன்னார். ஒற்றைக் காலோடு மலைச் சரிவில் மரவள்ளி பிடுங்க முடியாது. என் மகள் சாலம்மாள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

விசாரணையில் உண்மையைச் சொன்னேன். "நான்தாங்க மாட்டாதன்னு சொன்னேன். அவன் மேல தப்பு இல்லீங்க."

டைப் அடித்து நீட்டினார்கள். முழுக்க இங்கிலீஷ். அரங்கநாதன் அதைத் தமிழில் படித்துக் காட்டினார். நான் சொன்னது அப்படியே வந்தது.

"நீங்க வாயால சொல்றதுதான் அதுல இருக்குதுன்னு நான் எப்படிங்க நம்பறது?"

அவர் பேப்பரை என் பக்கம் தள்ளினார். "சரி பெரியவரே, எடுத்துக்கினு போங்க. யார் மேல நம்பிக்கையோ அவங்கள வச்சிப் படிங்க. வெள்ளிக்கெழமைக்குள்ள கையெழுத்துப் போட்டுக் கொண்டாங்க. தாண்டிச்சின்னா ஃபைல மூடிடுவாங்க."

எனக்கு ஒரே ஆள் மேல்தான் நம்பிக்கை. கள்ளக்குறிச்சியில் இரும்புக்கடை வைத்திருக்கும் ஜாபர் பாய். புதன்கிழமை போய் இறங்கினேன். கடை சாத்தியிருந்தது. சம்சாரம் நூர் பீவிக்கு ஆபரேஷன், வேலூரில் இருக்கிறார் என்றான் பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரன்.

"குடு தாத்தா, நான் படிச்சிச் சொல்றேன். பி.காம். முடிச்சவன்தான்."

"உன்ன யாருன்னே தெர்யாது."

"அப்ப போட்டோ எடுத்து பாய்க்கு அனுப்பறேன். ரெண்டு நிமிசம்."

"எடுத்தா அது உன் போன்ல இருக்கும் இல்ல?"

அவன் சிரித்தான். நான் பேப்பரை மடித்து இடுப்பில் சொருகிக்கொண்டேன். வியாழன் போனேன், வெள்ளி போனேன். திங்கட்கிழமைதான் பாய் வந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு தடவை படித்தார்.

"நீ சொன்னதேதான்யா இருக்குது. கீழ மாயவனுக்கு கேட்டுல வேல குடுக்கச் சொல்லிக்கூட எழுதியிருக்காங்க. இன்னும் இன்னாத்துக்கு கையெழுத்துப் போடாம வச்சிருக்க?"

அங்கேயே போட்டேன். மறுநாள் டெப்போ கேட்டில் அதைக் கையால்கூடத் தொடவில்லை. தப்பு மாயவனுடையது என்று எழுதி முடித்துவிட்டார்களாம். என்னையும் இனி வர வேண்டாம் என்றார்கள்.

இப்போது மாயவன் கரியாலூரில் கட்டையை ஊன்றி வாசல் வரைக்கும் வருகிறான். போன வாரம் டெப்போவிலிருந்து ஒரு கடிதம் வந்தது. கார்டைத் திருப்பி அனுப்பச் சொல்லி. இது தமிழில் இருந்தது.

அவன் இடுப்பிலிருந்து கார்டை எடுத்தான். ஓரத்தில் இன்னும் கறுப்பு ஆயில்.

"குடுக்கலாமா வேணாமா? நீயே சொல்லு," என்றான். மாமா என்று கூப்பிடவில்லை.

சாலம்மாள் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் கார்டை வாங்கக் கையை நீட்டினேன். அவன் கொடுக்கவில்லை. மறுபடியும் இடுப்பில் சொருகிக்கொண்டு, கட்டையை எடுத்து ஊன்றினான்.