நூறாவது கழுத்து

டாக்டர் மாதவராஜ் நூறு தைராய்டு ஆபரேஷன் முடித்ததைக் கொண்டாட, பென்னாகரத்தில் கல்யாண மண்டபமே பிடித்துவிட்டார். நூறாவது கழுத்துக்குச் சொந்தக்காரி ஏரியூர் ராஜமேரி. சால்வை போர்த்தி மேடையில் உட்கார வைத்திருந்தார்கள். சித்திரை வெயிலில் கூட்டமே விசிறிக்கொண்டிருக்க, அவளுக்கு மட்டும் குளிரெடுத்தது.

ஆபரேஷன் முடிந்து ஐந்து மாதம். கழுத்துக் கட்டி போனது; ராஜமேரியின் தெம்பும் போனது. முகம் உப்பியது, முடி கொத்தாகக் கொட்டியது, தக்காளித் தோட்டத்தில் வரப்பிலேயே தூங்கினாள். "சோம்பேறி ஆயிட்டா" என்று கணவன் சவுரியப்பன் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தான். இரண்டு முறை டாக்டரிடம் போனாள். அவர் தழும்பை மட்டும் ரசித்துப் பார்த்துவிட்டு, "எல்லாம் மனசுதாம்மா" என்று அனுப்பிவிட்டார்.

இப்போது மைக்கில் முழங்கினார்: "ஒரு காலத்துல இந்த ஆபரேஷன்ல நூத்துக்கு நாப்பது பேர் செத்தாங்க. சுவிட்சர்லாந்துல ஒரு சர்ஜன் பொறுமையா அறுத்துக் காப்பாத்தினார். நோபல் பரிசே குடுத்தாங்க!"

கைதட்டலைத் தமக்கே வந்ததாக ஏற்றுக்கொண்டு தொடர்ந்தார்.

"ஆனா சுரப்பியை முழுசா எடுத்தவங்களைப் பின்னாடி அவரே கூப்பிட்டுப் பார்த்தா, ஊதி, மந்தமாகி, குளிர்ல நடுங்கிட்டிருந்தாங்க. பாவம், அப்ப மாத்திரை இல்லை. இப்ப தினம் ஒண்ணு, அவ்வளவுதான்!"

ராஜமேரிக்குத் தூக்கம் கலைந்தது. "சார், எனக்கு முழுசா எடுத்தீங்களா, பாதியா?"

"முழுசாத்தாம்மா! சுத்தமா!"

"அப்ப அந்த மாத்திரை எங்கீங்க?"

"எழுதிக் குடுத்திருப்பேனே."

பையிலிருந்த சீட்டை நீட்டினாள். வலி மாத்திரையும் சுண்ணாம்புச் சத்து மாத்திரையும் இருந்தன. டாக்டர் சீட்டைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கத்திலும் அந்த மாத்திரை இல்லை.

"அந்த வெளிநாட்டுக்காரராவது கூப்பிட்டுப் பாத்தாருங்க. நான் ரெண்டு வாட்டி தானாவே வந்தேனுங்களே!"

"மைக்கை ஆஃப் பண்ணுய்யா" என்று டாக்டர் சொன்னது மைக்கிலேயே கேட்டது. சாப்பாட்டுப் பந்தியை அரை மணி முன்னதாகவே ஆரம்பித்தார்கள்.

மறுநாளே ராஜமேரி தர்மபுரிக்குப் பஸ் ஏறி, அரசு ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை செய்து, மாத்திரை வாங்கிக்கொண்டாள். ஆடிக்குள் பழைய வேகத்தில் தக்காளி பறித்தாள். "ஒடம்புக் கோளாறுன்னு நான் அப்பவே சொன்னேன்" என்று சவுரியப்பன் இப்போது சொல்லித் திரிந்தான்.

டாக்டரிடம் வேலை பார்க்கும் நர்ஸ் அனிஷா ஒருநாள் போன் செய்தாள். "அக்கா, டாக்டர் சேலத்துல ஒரு கூட்டத்துல பேசப் போறாருங்க. திரையில காட்டப் புதுசா ஒரு படம் சேர்த்திருக்காரு. 'நோயாளிகளின் மறதி'ன்னு தலைப்பு."

ராஜமேரி வாய்விட்டுச் சிரித்தாள். பிறகு அந்தக் கூட்டம் என்றைக்கு, எந்த மண்டபத்தில் என்று விசாரித்தாள்.