ஏவிஸ் வீட்டு பியர்

குழந்தையைத் துணியில் பொதிந்து நெஞ்சோடு அணைத்தபடி குன்னோரா கோயில் வாசலில் நின்றாள். தார்ன்பி ஊரில் முப்பது வருஷமாகப் பிரசவம் பார்க்கிறவள். பெற்றவள் இன்னும் படுக்கையை விட்டு எழக்கூடாது என்பதால், பிள்ளையைக் கோயிலுக்குத் தூக்கி வருவது மருத்துவச்சியின் உரிமை. பக்கத்தில் ஞானத்தாயாக ஏவிஸ் நின்றாள். ஊருக்கு பியர் காய்ச்சி விற்பவள்.

"என்னக்கா இந்த இறுக்கு இறுக்குற? சந்தையில வாங்கின வாத்தா அது, பறந்து போக?"

குன்னோரா சிரிக்கவில்லை. நேற்று மத்தியானம் பிறந்தபோது இந்தப் பெண்பிள்ளை அழவில்லை. மேனி நீலம் பாரித்திருந்தது. ஞானஸ்நானம் பெறாமல் உயிர் போனால் கல்லறைத் தோட்டத்தில் இடம் கிடையாது. சாமியாரை அழைக்க நேரமில்லாதபோது மருத்துவச்சியே கொடுக்கலாம். அடுப்புப் புகையில் கண் எரிய, கைக்கு அகப்பட்ட ஜாடியைப் பிள்ளையின் தலையில் சாய்த்து, சொல்ல வேண்டியதைச் சொன்னாள். பிள்ளை வீறிட்டது, பிழைத்தும் கொண்டது. பிறகு தாகத்துக்கு அந்த ஜாடியில் வாய் வைத்தபோதுதான் தெரிந்தது, உள்ளே இருந்தது பியர்.

தண்ணீரில்லாமல் பியரில் கொடுத்தது ஞானஸ்நானமே அல்ல. ஆனால் வீட்டிலேயே ஞானஸ்நானம் பெற்ற பிள்ளையைக் கோயிலில் மறுபடி முழுக்கமாட்டார்கள். எண்ணெய் பூசி அனுப்பிவிடுவார்கள். அவள் வாய் திறக்காவிட்டால் இந்தப் பிள்ளை சபினா காலமெல்லாம் முழுக்குப் பெறாதவள். திறந்தால் மேலிடத்தில் ஆயரின் விசாரணை. அப்புறம் எந்த வீட்டிலும் குன்னோராவைப் பிரசவத்துக்கு விடமாட்டார்கள்.

விஸ்டன் சாமியார் வாசலுக்கு வந்தார்.

"வீட்டுல கொடுத்தது யாரு?"

"நான்தான் சாமி."

"என்ன சொல்லிக் கொடுத்தே?"

சொன்னாள். ஒரு சொல் பிசகவில்லை.

"எதை ஊத்தினே?"

திறந்த கதவு வழியே ஞானஸ்நானத் தொட்டி தெரிந்தது. அடியில் மூக்கு தேய்ந்த நான்கு கல் சிங்கங்கள். மேலே, மந்திரக்காரர்கள் தண்ணீரைத் திருடாமலிருக்கப் பூட்டிய மூடி. குன்னோரா முழுகியது அதில்தான். அவள் பெற்றுப் புதைத்த இரண்டும் முழுகியது அதில்தான்.

"பியர், சாமி," என்றாள். "புகையில தெரியல. பிள்ளைக்கு மறுபடி கொடுங்க. என்னை என்ன வேணா செய்யுங்க."

சாமியார் முகம் வாடியது. "இதை மேலே எழுதாம இருக்க முடியாதே, குன்னோரா."

"எந்த பியர்?" என்று ஏவிஸ் குறுக்கிட்டாள். "பிரசவ வீட்டுக்கு நான் கொடுத்தனுப்பினதா?"

"அதான்டி."

ஏவிஸின் பியருக்கு மூன்று ஊரில் பேர். அதில் தண்ணீர் கலக்கிறாள் என்று சொன்ன ஒருவனை அகப்பையால் அடித்துத் தெருக்கோடி வரை விரட்டியிருக்கிறாள். அவள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"சாமி, அது பியர்னு நான் சத்தியம் பண்ணமாட்டேன். பத்தாமப் போச்சுன்னு கிணத்துத் தண்ணி ரெண்டு வாளி ஊத்தினேன். வாசனைதான் பியர், மத்ததெல்லாம் கிணறு."

"நான் அப்பவே நினைச்சேன்," என்றாள் பின்னால் கூடிநின்ற ஊர்ப் பெண்களில் ஒருத்தி. யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஏவிஸ் திரும்பவில்லை. காது மட்டும் சிவந்தது. பணத்தைக் கொடுத்து உதவுகிறவர்கள் உண்டு. தன் பேரைக் கொடுத்து உதவுகிறவர்கள் குறைவு.

சாமியார் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்போ அது தண்ணியா, பியரா?"

"அதை ஆண்டவர்தான் சொல்லணும் சாமி."

"எனக்கும் தெரியல. சந்தேகம்னா அதுக்குச் சபையில வழி இருக்கு. மேலே எழுத ஒண்ணுமில்ல."

இடுப்பிலிருந்த சாவியால் பூட்டைத் திறந்தார். பிள்ளையை வாங்கி, "சபினா, நீ இன்னும் ஞானஸ்நானம் பெறவில்லையென்றால், பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயரால் நான் உனக்குக் கொடுக்கிறேன்," என்று மும்முறை முழுக்கினார். கோயில் அதிரப் பிள்ளை அழுதது.

ஏவிஸ் துணியை விரித்து ஏந்திக்கொண்டாள்.

"உன் பேரு போச்சேடி," என்றாள் குன்னோரா.

"போனா போகுது. நாளைக்கு நல்லதாக் காய்ச்சினா வந்து குடிக்கத்தான் போறாங்க. நீ முதல்ல தலையைத் துவட்டு, பிள்ளை நடுங்குது பாரு."

குன்னோரா துவட்டினாள்.