தேவதாஸின் இடது பக்கத்துக்காரி

1988 சித்திரையில் பிரான்சிலிருந்து திரும்பிய மில் தொழிலாளி தேவதாஸின் இடது நுரையீரல் பிரெஞ்சில் பாடிக்கொண்டிருந்தது. அப்பன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த புண்ணியத்தில் அவனுக்கு அந்த நாட்டுக் குடியுரிமை. மில் பஞ்சு தின்று தீர்த்த நுரையீரலை எடுத்துவிட்டு, செத்துப்போன யாரோ ஒருவருடையதை அங்கே வைத்துத் தைத்து அனுப்பியிருந்தார்கள். வாயில் சோறு இருக்கும்போதும் விலாவுக்குள்ளிருந்து பாட்டு வந்தது. பெண் குரல். வைத்திக்குப்பத்துக்கு மீன் வாங்கப் போகிறவர்கள் வாசலில் நின்று கேட்டுவிட்டு, வஞ்சிரம் என்ன விலை போகிறது என்று பேசிக்கொண்டே நடந்தார்கள். அவன் பெண்டாட்டி மணியம்மாளுக்கு மட்டும் வயிறு எரிந்தது.

"யாருங்க அவ?"

"பேரு சொல்ல மாட்டாங்க மணி. சட்டமாம்."

பதில் சொல்லும்போது அவன் கூரையைப் பார்த்தது அவளுக்குப் பிடிக்கவில்லை.

காலையும் மாலையும் எண்ணெய் மாதிரி ஒரு மருந்தைப் பாலில் கலந்து அவன் குடிக்க வேண்டும். உள்ளே இருப்பது வேற்றாள் என்று உடம்புக்குத் தெரிந்தால் அடித்துத் துரத்திவிடும், தெரியாமல் இருக்கத்தான் மருந்து என்று அவனே விளக்கினான். அதுதான் வினையாகப் போயிற்று. அப்படியென்றால் மருந்தும் அவளுக்குக் கூட்டு என்று மணியம்மாள் முடிவு கட்டினாள். குடியிருப்பவளைக் காலி பண்ணினால் வீடு எங்கே போய்விடும்? மருந்தைக் கிணற்றடி எலுமிச்சைக்கு ஊற்றிவிட்டு, பாலில் விளக்கெண்ணெயைக் கலந்து கொடுத்தாள். எலுமிச்சை கொய்யா காய்த்தது. பாட்டு தேய்ந்து தேய்ந்து நின்றது. அன்றைக்கு அவள் தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு கேசரி கிண்டினாள்.

மறுநாள் அவனுக்குக் காய்ச்சல். உதடு நீலம் பாரித்துவிட்டது. "மருந்து ஒழுங்காத்தான குடிக்கிறேன்" என்று அவன் திணறித் திணறிச் சொன்னபோதுதான் அவளுக்கு உறைத்தது. போகிறவள் வீட்டையும் தூக்கிக்கொண்டல்லவா போகிறாள். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் உண்மையைச் சொன்னாள். டாக்டர் திட்டித் தீர்த்துவிட்டு ஊசி போட்டார், பழைய மருந்தையும் தொடங்கினார். மூச்சு பாதிதான் திரும்பியது. பாட்டு வரவில்லை. உள்ளே இருப்பவள் கோபித்துக்கொண்டிருக்கிறாள் என்று மணியம்மாளுக்குப் புரிந்தது.

குடும்பத்தில் செத்த பெண்ணைக் கிணற்றடியிலிருந்து குடத்து நீரில் அழைத்து வந்து, புதுப்புடவை வைத்துப் படைப்பது அந்தப் பக்கத்துப் பூவாடைக்காரி கும்பிடு. இவளோ கடல் தாண்டி வந்தவள். மணியம்மாள் வைத்திக்குப்பம் கரையில் குடத்தை முக்கி, "அக்கா, தெரியாம பண்ணிட்டேன், வீட்டுக்கு வா" என்று அழைத்து வந்தாள். படையலில் மஞ்சள் புடவை, கதம்பம், வறுத்த வஞ்சிரம், ஒரு பிரெஞ்சு ரொட்டி. கற்பூரம் அணையுமுன் தேவதாஸின் இடது பக்கம் ஒருமுறை இருமியது, பிறகு பாடியது. புடவையைக் காணோம். யாரும் தேடவில்லை.

மணியம்மாளின் சந்தேகம் போய்விடவில்லை, ஆள்தான் மாறியது. உடம்பு தேறிய தேவதாஸ் மருந்து நாற்றத்துக்கு முகம் சுளித்து, பாலை ஜன்னல் வழியே ஊற்றப் பார்த்ததை அவள் கண்டுகொண்டாள். அதிலிருந்து இரண்டு வேளையும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு எதிரில் நின்றாள்.

"எங்க அக்காவ ஏமாத்தலாம்னு பாக்காதீங்க" என்றாள். "குடிங்க."

அவன் குடித்தான்.