சந்தனம் வைத்த வால்வு

ஆயுத பூஜை லீவு முடிந்து கோவில்பட்டியில் பஸ் ஏறி, அருள்புரத்தில் இறங்கி, பையைக்கூட ரூமில் வைக்காமல் நேராக வேலைக்கு வந்தேன். கேட்டைத் தாண்டும்போதே பிளீச்சிங் பவுடர் நாற்றம் மூக்கில் ஏறியது. நடையை எட்டிப் போட்டேன்.

நான் சித்ராதேவி. இந்தச் சாயப்பட்டறையின் கழிவுநீர் சுத்திகரிப்புப் பிரிவில் ஏழு வருஷமாக லேப் பார்க்கிறேன். சாயம் போட்டுக் கழுவிய தண்ணீரெல்லாம் ஒரு பெரிய தொட்டிக்கு வரும். தொட்டியில் பழுப்பு நிறச் சகதி கொதிப்பது போல நுரைத்துக்கொண்டிருக்கும். பார்க்கிறவர்கள் முகம் சுளிப்பார்கள். சுளித்துவிட்டுப் போகட்டும். அந்தச் சகதி முழுக்க உயிர். துணியிலிருந்து கழன்ற மெழுகும் சோப்பும்தான் அந்த நுண்ணுயிர்களுக்குச் சாப்பாடு. புளோயர் என்கிற காற்று மெஷின் ராப்பகலாக ஓடி அவற்றுக்கு மூச்சுக் கொடுக்கும். தின்றதில் ஒரு பங்கை எரித்து அந்தச் சக்தியில் பிழைக்கும், மீதியை உடம்பாக்கிப் பெருகும். அவற்றைத் தின்ன இன்னொரு உயிர் வரும், காம்பின் மேல் மணியைக் கவிழ்த்து வைத்தது மாதிரி இருக்கும். மைக்ரோஸ்கோப்பில் அந்த மணிகள் ஆடினால் தொட்டி சுகமாக இருக்கிறது என்று அர்த்தம். தினமும் காலையில் டீக்கு முன்னால் அதைத்தான் பார்ப்பேன்.

அன்று போய்ப் பார்த்தால் தொட்டிச் சுவர் கல்யாண மண்டபம் மாதிரி வெள்ளையாக இருந்தது. நாலு மூலையிலும் சந்தனம், குங்குமம். புளோயருக்கு வாழைக்கன்று கட்டி, சாமந்தி மாலை போட்டிருந்தார்கள். அது ஓடவில்லை. ஒரு சொட்டுத் தண்ணீரை எடுத்து லென்ஸுக்குக் கீழே வைத்தேன். ஒன்றும் அசையவில்லை. ஸ்லைடை மாற்றி மாற்றி ஏழு தடவை பார்த்தேன்.

பம்ப் ஆபரேட்டர் சாமியப்பன் லேப் வாசலில் வந்து நின்றார். பதினாறு வருஷமாக இங்கேயே இருக்கிற உள்ளூர்க்காரர்.

"யார் பார்த்த வேலை அண்ணாச்சி இது?"

"நானுங்க அம்மணி. பூஜைக்கு எல்லாத்தையும் கழுவோணும்னு ஓனர் சொன்னாருங்க. தொட்டி இத்தன அழுக்கா இருந்தா லட்சுமி எப்படி வருவான்னு கேட்டாருங்க. மூணு மூட்டை பவுடர் போட்டனுங்க. புளோயருக்கும் ஓய்வு குடுக்கோணும்னு அவரே சொன்னாருங்க, ரெண்டு நாள் நிறுத்தி வெச்சமுங்க."

"தொடக் கூடாதுன்னு எழுதி ஒட்டிட்டுத்தானே போனேன்?"

"அதையக் கிழிச்சுப்போட்டுத்தானுங்க சந்தனம் வெச்சோம்."

தலையில் அடித்துக்கொண்டேன். பட்டறையில் இருக்கிற சாமான்களிலேயே உயிருள்ளது அது ஒன்றுதான். அதைக் கொன்றுவிட்டு அதற்கே மாலையும் போட்டிருக்கிறார்கள். இத்தனைக்கும் தொட்டியை உண்டாக்கியதே இந்தச் சாமியப்பன் வீட்டு மாட்டுச் சாணிதான். நான் சேர்ந்த புதிதில் அவர் கூடை கூடையாகக் கொண்டுவந்து கரைத்து ஊற்ற, நான் வெல்லத்தைத் தட்டிப் போட, பாலுக்கு உறை ஊற்றிக் காத்திருப்பது போலக் காத்திருந்து உயிர் பிடிக்க வைத்தோம். அதையெல்லாம் மறந்து நிற்கிறாரே என்று ஆத்திரமாக வந்தது. ஆனால் அவர் முகம் செத்துப்போய்க் கிடந்ததால் திட்ட வாய் வரவில்லை.

ஓனர் ஈஸ்வரமூர்த்தி டீ டம்ளரும் கையுமாகத் தொட்டிப் பக்கம் வந்தார்.

"வாங்க அம்மணி. பாத்தீங்களா, எப்படிப் பளிச்சுனு ஆயிருச்சு."

"செத்துப் போச்சு சார். உள்ளே இருந்த உயிரெல்லாம் செத்துப் போச்சு. பக்கத்துப் பட்டறைல சகதி வாங்கி ஊத்தி, சாணியும் வெல்லமும் போட்டுத் திரும்ப வளக்கணும். இருபது நாளாவது ஆகும். அதுவரைக்கும் சாயம் போடக் கூடாது."

அவர் சிரித்தார். "கண்ணுக்கே தெரியாத பூச்சிக்கோசரம் பட்டறைய நிறுத்தறதுங்களா? நேத்தே ரெண்டு மெஷின்ல கறுப்புப் போட்டாச்சுங்க. தண்ணி தேங்கி நிக்குது." வானத்தை அண்ணாந்து பார்த்தார். "மழை வரப்போவுது. ஓடை வால்வைத் திறந்து உட்டா மழைத்தண்ணியோட போயிருமுங்க. சாமியப்பா, வால்வைத் திற."

"போயிரும்னா எங்கே சார் போகும்?" என் குரல் உயர்ந்துவிட்டது. உயரட்டும் என்று விட்டேன். "இங்கே திங்க ஆளில்லைன்னா ஓடைல இருக்கிற பூச்சி திங்கும். தின்னு, ஓடைத் தண்ணீல இருக்கிற காத்தையெல்லாம் இழுத்துரும். மீன் மூச்சுமுட்டி மிதக்கும். எதுவும் திங்காத உப்பும் சாயமும் கரையோட மண்ணுல இறங்கும். அங்கே சாமியப்பன் அண்ணாச்சி தீவனப்புல்லு போட்டிருக்காரு. புல்லு உறிஞ்சும், அதை மாடு திங்கும். அந்த மாட்டுப் பால்தான் சார் உங்க கைல இருக்கு. ஒண்ணும் காணாமப் போகாது. கை மாறும், அவ்வளவுதான்."

அவர் டம்ளருக்குள் ஒரு தரம் பார்த்தார். இந்த மனுஷனுக்கு உறைத்துவிட்டது என்று நினைத்தேன். மிச்ச டீயை ஒரே மடக்கில் குடித்தார்.

"அப்ப நாளையிலிருந்து கேன்டீனுக்குப் பாக்கெட் பால் வாங்கச் சொல்லிப்போடறனுங்க."

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. மீனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, மாட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மாட்டுக்காரர் மூன்றடி தள்ளி நிற்கிறாரே என்ற கூச்சம்கூட இல்லை. தன் டம்ளரில் பால் மாறினால் அவருக்குப் போதும்.

"பொல்யூஷன் போர்டுக்குப் போற ரிப்போர்ட்ல நான் கையெழுத்துப் போட மாட்டேன் சார்."

"போடாட்டி உடுங்க. அதுக்கு வேற ஆள் இருக்குது." சாமியப்பன் பக்கம் திரும்பினார். "என்னத்தப் பாத்துட்டு நிக்கறே?"

சாமியப்பன் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு வால்வுக்குப் போனார். இந்த ஏழு வருஷத்தில் மாட்டேன் என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. அந்தக் கறுப்புத் தண்ணீர் பாய்வதைப் பார்க்கப் பிடிக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். நட்டு கழலும் சத்தம் கேட்டது. தண்ணீர்ச் சத்தம் மட்டும் வரவில்லை.

திரும்பினால், வால்வைத் திருகுகிற இரும்புச் சக்கரத்தைத் தனியாகக் கழற்றி அக்குளில் இடுக்கியிருந்தார். சக்கரம் போன வால்வில் மொட்டைத் தண்டு மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது.

"என்றா பண்றே?" என்றார் ஓனர்.

"பூஜை போட்ட சாமானுக்கு ஓய்வு குடுக்கோணும்னு நீங்கதானுங்க சொன்னீங்க." சக்கரத்தின் நடுவில் காய்ந்திருந்த சந்தனப் பொட்டைக் காட்டினார். "இதுக்கும் பொட்டு வெச்சுதானுங்க இருக்குது."

"விளையாடாதே சாமியப்பா. வேலை போயிரும்."

தூறல் விழ ஆரம்பித்தது. சாமியப்பன் தன் மொபெட்டுக்கு நடந்து போய்ச் சக்கரத்தைப் பைக்குள் போட்டு, வாயைக் கட்டி, ஹேண்டில்பாரில் மாட்டினார். பிறகு என்னைப் பார்த்தார்.

"எத்தனை கூடைச் சாணிங்க வேணும், அம்மணி?"