பின் இடது எலுமிச்சம்பழம்

மாசிலாமணிக்கு அந்தக் கார் கம்பெனியில் எடை வேலை. காலை எட்டு மணிக்குப் பின் இருக்கையின் வலது ஓரத்தில் உட்கார்ந்துவிட வேண்டும். ஐந்து மணிவரை அறுபத்தொரு கிலோவாக இருக்க வேண்டும். டீ குடித்தால் எழுதிக் கொடுக்க வேண்டும்.

கார் சின்னது, விலை பெரியது. தோல் இருக்கை, மரப் பலகை வைத்த கதவு, பின்பக்கம் மேலே தூக்கித் திறக்கிற மாதிரி இன்னொரு கதவு. பின் சக்கரம் வண்டியைத் தள்ள வேண்டும். முன் சக்கரத்துக்குத் திரும்புகிற வேலை மட்டும்தான். அதற்காக முன்னால் இருக்கிற இன்ஜினிலிருந்து ஒரு நீளத் தண்டைத் தரைக்கடியில் பின்னால் கொண்டு போயிருந்தார்கள். வருடா வருடம் காரை நான்கு விரற்கடை குறைத்தார்கள். வருடா வருடம் தண்டு அறுநூறு அடி வளர்ந்தது. அதனால் முன்கதவில் ஏறினால் பின் இருக்கைக்கு நடந்து வந்துசேர அரை மணி நேரம் ஆகும். மாசிலாமணி ஏழரைக்கே ஏறிவிடுவார்.

எடை முன்னும் பின்னும் சரிபாதியாக இருக்க வேண்டும். அதற்குச் சோதனை ஒன்றுதான். நான்கு சக்கரத்துக்கு அடியிலும் ஒவ்வொரு எலுமிச்சம்பழம். வண்டி நகர்ந்தால் நான்கும் ஒரே நேரத்தில் நசுங்க வேண்டும். வெளிநாட்டு நிபுணர்கள் முதல் வருடம் இதைப் பூஜை என்று நினைத்துக் கும்பிட்டார்கள். இரண்டாம் வருடம் அவர்களே சந்தைக்குப் போய்ப் பழம் பொறுக்கினார்கள். பதினோரு வருடமாக மூன்று பழம் நசுங்குகிறது. பின் இடது பழம் உருண்டு போய் ஓரமாக நின்றுகொள்கிறது.

அன்று மாசிலாமணிக்குக் கடைசி நாள். வேலை நேரத்தில் எதையும் நினைக்கக் கூடாது என்பது சட்டம். கடைசி நாள்தானே என்று கொஞ்சம் நினைத்துவிட்டார்.

பல்லாவரம் கல்குவாரி. அவர் பாறை சுமந்தார், அவர் மனைவி பூங்காவனம் ஜல்லி உடைத்தாள். சாயங்காலம் சுத்தியலும் தகரத் தூக்குவாளியுமாகச் சைக்கிள் கேரியரில் இரண்டு காலையும் இடது பக்கம் தொங்கவிட்டு உட்காருவாள். பின்னால் அவள் பாரம் இருந்தால் முன் சக்கரம் பூ மாதிரி இருக்கும். ஹேண்டிலை ஒரு விரலால் பிடித்தால் போதும். கல்தூசி நெஞ்சில் அடைத்து அவள் இருமி இருமிச் செத்தாள். அதற்கப்புறம் அதே ஹேண்டில் இரண்டு கைக்கும் கனத்தது.

பக்கத்தில் காலியாக இருந்த இடது இருக்கை அமுங்கியது. நான்கு பழமும் ஒன்றாக நசுங்கின.

வண்டியை நகர்த்திய தலைமைப் பொறியாளர் வைதேகி ஸ்டியரிங்கை ஒரு விரலால் திருப்பிப் பார்த்தார். இறங்கிப் போய் எடைப் பலகையைப் பார்த்தார். மறுபடி ஏறி அரை மணி நேரம் நடந்து பின் இருக்கைக்கு வந்தார்.

"பக்கத்து சீட்ல நாப்பத்தெட்டு கிலோ காட்டுது. எங்க கணக்குக்கு நாப்பத்தாறு போதும்."

"சுத்தியல் மடியில இருக்குதுங்க மேடம். அது ரெண்டு கிலோ."

"கீழ வைக்கச் சொல்லுங்க."

"வைக்காது. களவு போயிடும்னு பயம்."

வைதேகி யோசித்துவிட்டுச் சுத்தியலையும் வரைபடத்தில் சேர்த்துக்கொண்டார்.

வெளியே முந்நூறு பேர் கைதட்டினார்கள். தலை நிறைய முடியோடு வேலைக்குச் சேர்ந்து வழுக்கையாகிப் போனவர்கள் அழுதார்கள். கேன்டீனில் கேசரி கிண்டினார்கள். மாசிலாமணிக்கும் சந்தோஷம்தான். பதினோரு வருடம் உட்கார்ந்து உருவாக்கிய வண்டி.

அப்புறம் படிவம் வந்தது. எடையைக் கம்பெனியிடம் ஒப்படைப்பதாகக் கையெழுத்துப் போட வேண்டும். நாற்பதாயிரம் காரிலும் அது பொருத்தப்படும். ஒப்படைத்தவர் அதன்பிறகு அதை வெளியில் நினைக்கக் கூடாது. கையெழுத்து இல்லையென்றால் கார் இல்லை, மறுபடி முதல் கோட்டிலிருந்து வரைய வேண்டும் என்று வைதேகி விளக்கினார்.

மாசிலாமணி படிவத்தை இரண்டு தடவை படித்தார். பேனாவை வாங்கி மூடியைக் கழற்றினார்.

"அந்தக் காரெல்லாம் யாரு ஓட்டுவாங்க மேடம்?"

"வாங்கினவங்க ஓட்டுவாங்க."

அவர் மூடியைத் திரும்பப் போட்டார்.

"தெரியாத ஆள் பின்னால அது உக்காராதுங்க."

வைதேகி படிவத்தை வாங்கி மடித்தார். பிறகு, எலுமிச்சம்பழம் இன்னும் இருக்கிறதா என்று வெளியே பார்த்துக் கேட்டார்.

மாசிலாமணி நாலரைக்கே எழுந்து முன்கதவை நோக்கி நடந்தார். தண்டு காலுக்கடியில் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. கூடவே தகரத் தூக்குவாளியில் சுத்தியல் இடிக்கிற சத்தம் வந்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. காரை விட்டு இறங்கும்போது, பின்னால் புதிதாக வைத்த ஒரு பழம் உருண்டு போய் நின்றது.

கேட்டில் எல்லாவற்றையும் நிறுத்துத்தான் வெளியே விடுவார்கள். செக்யூரிட்டி ஜெகந்நாதன் அவரைச் சைக்கிளோடு எடை மேடையில் ஏற்றினார்.

"நூத்தியிருவத்தெட்டு காட்டுதுண்ணே. நீங்க அறுபத்தொண்ணு, சைக்கிள் பத்தொம்போது. மீதி?"

"கேரியர்ல உக்காந்திருக்கு."

ஜெகந்நாதன் கேரியரைப் பார்த்தார். கம்பெனிப் பொருளா என்று கேட்டார். நான் கொண்டு வந்ததுதான் என்றார் மாசிலாமணி. கேட் பாஸ் புத்தகத்தில் திரும்பி வருவதற்கு ஒன்று, வராததற்கு ஒன்று என்று இரண்டு கட்டம் இருந்தது.

"திரும்பி உள்ள வருமா?"

"வராது."

ஜெகந்நாதன் இரண்டாவது கட்டத்தில் முத்திரை குத்தினார். கம்பிக் கதவை ஓராள் போகிற அளவுக்குத் திறந்து பிடித்தார்.

"காலை மடக்கிக்கச் சொல்லுங்கண்ணே. இடிச்சிக்கப் போவுது."

மாசிலாமணி சொன்னார். கொஞ்சம் பொறுத்து, ஹேண்டிலை ஒரு விரலால் பிடித்துக்கொண்டு மிதித்தார்.