வேண்டாதவருக்கு விதி இல்லை

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதையில் எனக்குத் தெரிந்தது பாதிதான். சொன்னவர் வேதமாணிக்கம், கோவில்பட்டித் தீப்பெட்டித் தரக் குழுவின் தலைவராக இருந்தவர். சம்பவத்தன்று அறையைவிட்டு எழுந்து வெளியே போனவர்களில் அவரும் ஒருவர். முக்கியமானதோ உள்ளே நடந்தது. ஆகவே உள்ளே நடந்ததெல்லாம் என் கைச்சரக்கு. நியாயத்தைப் பற்றிய கதையில் எழுதுகிறவனே ஒரு பக்கம் சாய்ந்துவிட்டால் என்ன செய்வது என்று பயமாக இருக்கிறது. அந்தப் பயத்தோடேதான் எழுதுகிறேன்.

2

"1962 சித்திரை. கரிசல் வாய் பிளந்து கிடந்த அந்த மத்தியானம்..."

அடித்துவிட்டேன். எங்கள் பக்கத்தில் பேனா பிடிக்கிறவன் எல்லாம் இப்படித்தான் தொடங்குகிறான். சம்பவம் நடந்ததோ மின்விசிறி ஓடுகிற ஓர் அறையில்.

"ஜேசுதாசன் நல்லவர்..."

இதையும் அடித்துவிட்டேன். அவர் நல்லவரா என்பதுதானே கேள்வி.

நேராகவே சொல்கிறேன். குழுவில் நாலு பேர். பெட்டி எவ்வளவு நீளம், குச்சி எவ்வளவு கனம் என்று தீர்மானிப்பதும், அங்குலத்தை மில்லிமீட்டராக மாற்றிவிட்டு மறுபடி அதற்காகச் சண்டை போடுவதும் அவர்கள் வேலை. அந்த வருஷம் புதிதாக ஒன்று வந்து சேர்ந்தது. தொழில் விருதுக்கு ஒரே ஒரு பெயரைச் சாயங்காலம் தந்தி ஆபீஸ் மூடுவதற்குள் சென்னைக்கு அனுப்ப வேண்டும்.

போட்டியில் நின்றவர்கள் இரண்டு பேர். ஒருவர் சாமித்துரை. குச்சி அடுக்குகிற மரச்சட்டத்தைக் கொஞ்சம் மாற்றி, வேலையைச் சுளுவாக்கியவர். ஊருக்கே பிடித்த மனிதர், கல்யாண வீட்டில் முதல் பந்தியில் உட்காரவைத்து விசாரிக்கப்படுகிறவர். மற்றவர் வன்னியபெருமாள். தீக்குச்சியை ஊதி அணைத்த பிறகும் நுனியில் கங்கு நிற்கும். பீடி பற்றவைத்துவிட்டு எவனாவது அதை எறிந்தால் வைக்கோல் படப்பே எரிந்துபோகும். வன்னியபெருமாள் குச்சியை ஓர் உப்புக் கரைசலில் ஊறவைத்து, அணைத்ததும் கங்கும் அடங்கும்படி செய்தார். கெட்டிக்காரர்தான், ஆனால் வாய் சும்மா இருக்காது. எல்லா முதலாளியையும் பகைத்துக்கொண்டு வேலை இல்லாமல் இருந்தார். விருது கிடைத்தால் சென்னை ஆய்வுக்கூடத்தில் வேலை நிச்சயம், கிடைக்காவிட்டால் இந்த ஊரில் அவருக்குக் கதவு திறக்க ஆள் கிடையாது.

(பார்த்தீர்களா, சாய ஆரம்பித்துவிட்டேன். சாமித்துரைக்கும் ஒரு கஷ்டம் வைத்திருக்கலாம். தோன்றவில்லை.)

3

வேதமாணிக்கம் ஒரு விதி எழுதியிருந்தார்: நிற்பவர்களோடு உறவோ கொடுக்கல் வாங்கலோ உள்ளவர் அறையைவிட்டு வெளியேற வேண்டும். யாருமே மிஞ்சாவிட்டால் அந்த வருஷம் பெயர் போகாது.

கோவில்பட்டியில் இப்படி ஒரு விதி! தேரடியிலிருந்து ஸ்டேஷன் வரை நடந்தால் நாலு சகலையாவது எதிரே வருகிற ஊர்.

சங்கரபாண்டி முதலில் எழுந்தார். "சாமித்துரை என் தங்கச்சி மாப்பிள்ளை. நான் வாரேன்."

நேசம்மாள் டீச்சர் அடுத்து எழுந்தார். "வன்னியபெருமாள் சோதனையெல்லாம் எங்க பள்ளிக்கூடத்து ஆய்வுக்கூடத்துலதான் செஞ்சாரு. கூட நானும் நின்னிருக்கேன். நான் இருந்தா சரியா வராது."

மிச்சம் இரண்டு பேர், வேதமாணிக்கமும் ஜேசுதாசனும். ஜேசுதாசன் மெதுவாக, "அண்ணாச்சி, உங்க கம்பெனிக்குக் குச்சி அடுக்குற சட்டம் எல்லாம் சாமித்துரைகிட்ட இருந்துதானே வருது?" என்றார்.

வேதமாணிக்கம் தலையில் கை வைத்தார். விதியை எழுதியவரே மாட்டிக்கொண்டார். எழுந்து கதவுவரை போனார்.

"அண்ணாச்சி, நில்லுங்க. நானும் வாரேன்."

"ஏன்? அவிய ரெண்டு பேர்ல யாராவது உமக்கு உறவா?"

"இல்ல."

"கொடுக்கல் வாங்கல்?"

"இல்ல. ஆனா வன்னியபெருமாளோட எனக்கு..."

"உறவு இல்ல, வியாபாரம் இல்ல. பெறகு என்னவே? உக்காரும்."

கதவு சாத்தப்பட்டது.*

* இதுவரை வேதமாணிக்கம் சொன்னது. இனி நான்.

4

ஜேசுதாசன் சொல்ல வந்தது என்ன? அது ஊருக்கே தெரியும். இரண்டு வருஷத்துக்கு முன் வன்னியபெருமாள் ஊர் ஊராகப் போய்க் கங்கு நிற்கிற குச்சியைக் காட்டிப் பேசினார். காட்டுவதற்கு அவர் எடுத்தது ஜேசுதாசன் கம்பெனித் தீப்பெட்டி. விளாத்திகுளத்தில் காட்டினார், இடைசெவலில் காட்டினார், சந்தையில் காட்டினார். கடைக்காரர்கள் சரக்கைத் திருப்பி அனுப்பினார்கள். தொழில் நின்றது. பிறகு வேறு லேபிள் ஒட்டித்தான் மறுபடி தொடங்க முடிந்தது. மாதா கோயிலில் பூசை முடிந்து வெளியே வரும்போது, "உம்ம குச்சி இன்னும் எரிஞ்சுக்கிட்டே இருக்காவே?" என்று கேட்டுச் சிரிக்காத ஆள் இல்லை.

வன்னியபெருமாள் சொன்னது பொய்யில்லை. அதுதான் ஜேசுதாசனுக்கு ஆறவே இல்லை.

வேண்டியவர் வெளியே போக வேதமாணிக்கம் விதி எழுதினார். வேண்டாதவர் போக எழுத மறந்துவிட்டார். நியாயம் கெடுவது பாசத்தால் மட்டும்தான் என்று அவர் நினைத்திருக்க வேண்டும்.

5

முடிவுகள்:

அ) ஜேசுதாசன் சாமித்துரையின் பெயரை எழுதுகிறார். பழி தீர்ந்தது. ஆனால் சாமித்துரையும் தகுதி உள்ளவர்தானே என்று யாரும் சொல்லலாம். அவரே தனக்குச் சொல்லிக்கொள்ளலாம். அந்தச் சமாதானம் இவ்வளவு கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதே எனக்குப் பயமாக இருக்கிறது.

ஆ) வன்னியபெருமாள் பெயரை எழுதுகிறார். ஊரே மெச்சும்: "பகையாளிக்கே கொடுத்துட்டாரே, என்ன மனுசன்!" அந்த மெச்சலுக்காகத்தான் எழுதினாரா? ஆசைப்பட்டு எழுதினால் அதுவும் ஒரு வியாபாரம் ஆகாதா?

இ) கதவைத் திறந்து, "எனக்குப் பகை உண்டு, நான் இருக்கக் கூடாது" என்று வெளியே வருகிறார். இதுதான் சுத்தமான முடிவு என்று முதலில் சந்தோஷமாக எழுதினேன். ஒரு பக்கம் எழுதிய பிறகுதான் உறைத்தது. அறை காலியானால் பெயர் போகாது. சாமித்துரைக்கு ஒரு மெடல் நஷ்டம். வன்னியபெருமாளுக்கோ சென்னை வேலையே போச்சு. கை கழுவிக்கொண்டு, நல்லபேரோடு, பழியும் வாங்கிவிடலாம். மூன்றிலும் கொடுமையானது இதுதான். அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டேன்.

ஈ) அவர் மேஜைமேல் இருந்த வன்னியபெருமாளின் குச்சி ஒன்றை உரசி, ஊதி, அந்தக் கரிந்த நுனியை விரலால்...

இல்லை. குச்சி எப்படி என்று அவருக்குத் தெரியும். இது நான் நேரத்தைக் கடத்துவதற்கு எழுதியது.

6

எந்தப் பெயர் போனது என்று வேதமாணிக்கத்துக்குத் தெரியும். எனக்கும் சொன்னார். இங்கே எழுதமாட்டேன். பெயரைத் தெரிந்துகொண்டால் தீர்ப்புச் சரியா தப்பா என்று உடனே சொல்லிவிடுவீர்கள், உள்ளே உட்கார்ந்திருந்தவரை மறந்துவிடுவீர்கள்.

வராந்தாவில் மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நிற்கிறார்கள். தந்தி ஆபீஸ் மூட இன்னும் கொஞ்ச நேரம்தான். ஜேசுதாசனுக்குக் கை வியர்த்திருக்கிறது, பேனா வழுக்குகிறது. எனக்கும்தான்.

பேனாவை உங்களிடம் கொடுக்கிறேன். நீங்கள் யாருக்கும் உறவில்லை, யாரோடும் வியாபாரம் இல்லை. எழுதுங்கள்.

வன்னியபெருமாள் என்று எழுதிவிட்டீர்களா? இவ்வளவு சீக்கிரமா! எழுதுவீர்கள். அவர் ஊர் ஊராகத் தூக்கிக்கொண்டு போய்க் காட்டியது உங்கள் பெட்டியை இல்லையே.